ஹவில்தார் ஷாநவாஸின் இடது காது

ஷாநவாஸ் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கோயமுத்தூருக்குத் திரும்பியபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தலையில் நரை கிடையாது. வயிறு ஒட்டியிருந்தது. அதே மாதத்தில்தான் அவருடைய அண்ணன் பஷீர், ஐம்பத்தெட்டு வயதுக்காரர், உக்கடத்தில் இருந்த தன்னுடைய மோட்டார் பட்டறைக்குப் பக்கத்துக் கடையையும் பிடித்து இரண்டையும் ஒன்றாக்கினார். சொந்தக்காரர்கள் பட்டறை திறப்புக்கு வந்த கையோடு தம்பியையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் தொழிலைப் பெருக்குகிறார், தம்பி வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டையும் எப்படி ஒரே மூச்சில் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

பட்டாளத்தில் வயதைவிடச் சேவை செய்த வருடங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஹவில்தாராக இருப்பவர் இருபத்து நான்கு வருடம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அதற்குள் அடுத்த பதவி வந்தால் இன்னும் சில வருடம் நீளும். பேண்டு வாத்தியக் குழுவில் அடுத்த பதவிக்கு இருப்பதே ஒன்றிரண்டு இடங்கள். மேலே இருப்பவர் போனால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். அப்படி ஏற முடியாதவர்கள், உடம்பு எல்லா வகையிலும் தகுதியாக இருந்தால், இரண்டு வருட நீட்டிப்புக் கேட்கலாம். துப்பாக்கி பிடிக்கிறவனுக்கும் பித்தளை ஊதுகிறவனுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் வாத்தியக்காரனுக்கு மூச்சும் உதடும் ஒன்றாகப் படியும் என்று பேண்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அதைப் போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை.

ஷாநவாஸ் பதினெட்டு வயதில் சேர்ந்தவர். அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு கல்யாண பேண்டில் கார்னெட் என்கிற குட்டை எக்காளம் ஊதிக்கொண்டிருந்தார். அண்ணன் பட்டறைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார், தம்பி வரவில்லை. கோவையில் ஆள் எடுப்பு நடந்தபோது வரிசையில் நின்றவர்களிடம், வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் தனியாக வாருங்கள் என்றார்கள். தனியாகப் போனார். மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இருக்கும் ராணுவ இசைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கார்னெட்டுக்கு ஆள் நிறைய இருந்தது. ஹார்ன் வாசிக்க ஆள் இல்லை. வட்டமாகச் சுருண்டு, வாய் பின்பக்கம் பார்த்த அந்தப் பித்தளைக் கருவியை அவர் கையில் கொடுத்தார்கள். அதிலிருந்து கடைசி வரைக்கும் அதுதான்.

அணிவகுப்பில் ஹார்னுக்குப் பாட்டு கிடையாது. பெரிய டிரம் 'தம்' என்றால் ஹார்ன் 'பப்' என்று சொல்ல வேண்டும். இடது கால் தரையில் விழும்போது டிரம்மின் சத்தம். கால் எழும்பி அடுத்த கால் விழுவதற்குள் இருக்கும் இடைவெளியில் ஹார்ன். தம், பப், தம், பப். மெட்டெல்லாம் கார்னெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் போய்விடும். ஷாநவாசுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அந்த 'பப்' இல்லாவிட்டால் எண்ணூறு பேரின் கால் தடுமாறும் என்று ஒருமுறை பேண்டு மாஸ்டர் சொன்னதை அவர் நம்பினார். விடுமுறைக்கு வரும்போது யாராவது ஏதாவது வாசித்துக் காட்டச் சொன்னால், வாத்தியம் சர்க்காருடையது, ஊருக்கு எடுத்து வரக் கூடாது என்பார். அது உண்மைதான். எடுத்து வந்திருந்தாலும் தனியாக வாசித்துக் காட்ட அதில் ஒன்றும் இருந்திருக்காது.

அவருடைய இடம் இரண்டாவது வரிசையின் ஓரம். அவருக்கு இடப்பக்கம் பின்னால் ஜால்ராத் தட்டுகள் அடிப்பவர் நடப்பார். தட்டென்றால் சாப்பாட்டுத் தட்டு அளவு இல்லை; இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து அடிக்கும் பித்தளைத் தட்டுகள். காலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி, அணிவகுப்பு, அதிகாரிகள் விருந்து, சாவு மரியாதை. ஊர் ஊராக மாற்றல் வந்தது. தட்டு அடிப்பவர்கள் மாறினார்கள். அவருடைய இடம் மாறவில்லை.

முதலில் போனது மெல்லிய சத்தங்கள்தான். கொசு பாடுவது, கைக்கடிகாரம் ஓடுவது. இடது காதில் எப்போதும் ஒரு ரீங்காரம் இருந்தது. எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்தார். வருடாந்திர மருத்துவச் சோதனையில் ஓர் உதவியாளர் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று சன்னமாக எண்களைச் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த உதவியாளர் எல்லோருக்கும் அதே எண்களைத்தான் சொல்வார் என்பது பேண்டில் எல்லோருக்கும் தெரியும். ஷாநவாஸ் பல வருடம் அப்படித் தேறினார். அதை ஏமாற்று என்று அவர் நினைக்கவில்லை. டிரம் கேட்டது. டிரம் கேட்டால் ஹார்னுக்குப் போதும்.

நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தபோது பெரிய ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் கவசத்தை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். இடப்பக்கம் எதுவுமே ஆரம்பிக்கவில்லை என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் டாக்டர் முகத்தைப் பார்த்தபோதுதான் அது பாதி முடிந்துவிட்டது என்று தெரிந்தது. டாக்டர் மரியாதையாகவே பேசினார். இடது காது ஏறக்குறைய போய்விட்டது, வலது காதில் உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன, இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். அந்தக் கேள்வியில் பாதி ஷாநவாசுக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்து, வருடம் முடிந்துவிட்டது, வருகிறேன் என்று மட்டும் சொன்னார். காதைப் பற்றிச் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் வாத்தியத்தைக் கிடங்கில் ஒப்படைத்தார். கிடங்குக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு நசுங்கலைக் குறித்துக்கொண்டு, அலமாரியில் வைத்தார். மறுநாளே அது வம்சி என்கிற ஆந்திரப் பையனுக்குப் போயிற்று. வழியனுப்பு நாளில், ஓய்வு பெறுகிறவர்களை மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து பேண்டு வாசிப்பது வழக்கம். அந்த நிகழ்ச்சிக்கு ஷாநவாஸ் எத்தனையோ முறை வாசித்திருக்கிறார். அன்றைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். தன்னுடைய இடத்தில் ஓர் ஓட்டை கேட்கும் என்று எதிர்பார்த்தார். ஓட்டை ஏதும் கேட்கவில்லை. வம்சி சரியாக வாசித்தான். எல்லோரும் கை தட்டினார்கள், ஷாநவாசும் தட்டினார்.

குனியமுத்தூரில் அவர் பட்டாளத்தில் இருக்கும்போதே கட்டிய வீடு இருந்தது. அவருடைய மனைவி நிலோஃபர் முன் கூடத்தில் இரண்டு தையல் மிஷின் போட்டு, ஓர் உதவிக்காரப் பெண்ணையும் வைத்துக்கொண்டு, பிளவுஸும் சுடிதாரும் தைத்துக்கொண்டிருந்தார். மகள் ஷைமா பிளஸ் டூ படித்தாள். காலை பத்து மணிக்கு மேல் பெண்கள் அளவு கொடுக்கவும் போட்டுப் பார்க்கவும் வருவார்கள். கூடத்தில் ஓர் ஆம்பிளை உட்கார்ந்திருந்தால் அவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டாவது நாள் ஷாநவாஸ் தானே எழுந்து வெளியே போனார். மூன்றாவது நாளிலிருந்து உக்கடத்துப் பட்டறைக்குப் போகத் தொடங்கினார்.

பட்டறை என்பது கிணற்று மோட்டார், மில் மோட்டார் எதுவானாலும் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டி, பேரிங் மாற்றி ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிற இடம். பஷீர் தம்பிக்கு ஒரு நாற்காலி போட்டார். வந்தவர்களிடம், என் தம்பி, மிலிட்டரி, என்று அறிமுகம் செய்தார். வந்தவர்கள் எல்லையில் எப்படி என்று கேட்பார்கள். சண்டை வந்தால் பேண்டுக்காரர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். அதற்குப் பயிற்சியும் உண்டு. அவர் காலத்தில் அப்படித் தூக்க நேர்ந்தது ஒரே ஒரு நிலச்சரிவில்தான். அதையெல்லாம் விளக்காமல், நல்லா இருந்துதுங்க என்பார். தேநீர் வரும். குடிப்பார். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் போவார், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவார். அண்ணன் தன்னைத் தாங்குகிறார் என்று தெரிந்தது. அதற்கு நன்றியாகவோ வெட்கமாகவோ இருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டுமே இல்லை.

வீட்டில் நிலோஃபர் அடுக்களையிலிருந்து ஏதாவது கேட்பார். அவர் திரும்ப மாட்டார். நிலோஃபர் இரண்டாம் முறை கேட்க மாட்டார். ஷைமா அவரிடம் பேசும்போது நேராக வந்து முன்னால் நின்று பேசினாள். அத்தா அப்படித்தான், பட்டாளத்துக்காரர், என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதம் ஒன்றில் பஷீர் ஒரு நிக்காவுக்காகப் பாலக்காடு போனார். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் ஒரு சின்ன நூல் மில்லும் வைத்திருக்கிற பொங்கியண்ணன், பட்டறையின் பழைய வாடிக்கைக்காரர். அவருடைய தோப்பு மோட்டார் அன்று தயாராக வேண்டியிருந்தது. வேலையை முடித்தவர் பட்டறையின் மூத்த தொழிலாளி தம்பிதுரை. மோட்டாரை வெளியே அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. மோட்டாரை ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் நுனியைப் பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தி, அதன் பிடியைக் காதோடு வைத்துக் கேட்க வேண்டும். பேரிங் சரியில்லாவிட்டால் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் வரும். எப்போதும் பஷீர்தான் கேட்பார். பாலக்காட்டிலிருந்து போன் செய்து, தம்பி கேக்கட்டும், அவன் காது வாத்தியக்காரன் காது, என்று சொல்லியிருந்தார்.

தம்பிதுரை திருப்புளியை நீட்டினார். ஷாநவாஸ் அதை வலது காதில் வைத்துக்கொண்டார். ஒரே சீரான உறுமல் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணன் அதில் எதைக் கேட்பார் என்று அவருக்குத் தெரியாது.

சரியாக இருக்கிறது, ஏற்றுங்கள், என்றார். தம்பிதுரை தானும் ஒருமுறை வைத்துக் கேட்டுவிட்டு, லேசாக ஒரு சத்தம் வருவது போல இருக்கிறது, நாளைக்குப் பார்த்து அனுப்பலாமா என்று கேட்டார். ஷாநவாஸ் ஹவில்தார் குரலில், ஒன்றும் இல்லை, வண்டியில் ஏற்று, என்றார். பட்டறையில் அவர் அந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. தம்பிதுரை மறுபேச்சில்லாமல் ஏற்றினார்.

அடுத்த வாரம் அதே மோட்டார் அதே வண்டியில் திரும்பி வந்தது. பேரிங் இறுகி, கட்டிய காயிலும் கருகிப்போயிருந்தது. கூடவே பொங்கியண்ணனும் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடி. கோபமாகத்தான் இருந்தார், ஆனால் சத்தம் போடவில்லை. "ஏனுங்க பாய், உங்கப்பா காலத்துல இருந்து இங்கதானுங்க கொண்டாறோம். இப்பிடி ஆனதில்லீங்களே. தோப்பு காயுதுங்க," என்றார்.

பஷீர் மோட்டாரைப் பார்த்தார். பிறகு தம்பிதுரையைப் பார்த்துக் கண்டபடி பேசத் தொடங்கினார். இத்தனை வருட அனுபவம் இருந்து என்ன, ஒரு பேரிங் சத்தம் தெரியவில்லையா, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிட்டாயா என்று கேட்டார். தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஷாநவாசின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஷாநவாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவரு சொன்னாருங்கண்ணா, சத்தம் வருதுன்னு. நாந்தான் ஏத்தச் சொன்னேன். எனக்குக் கேக்கலைங்க."

"கேக்கலையா?"

"எனக்குக் காது கேக்காதுங்கண்ணா. இடது காது சுத்தமா போயிருச்சு. இதுவும் பாதிதான். அதுனாலதான் ரெண்டு வருசம் சேத்திக் குடுக்கல, அனுப்பிப்போட்டாங்க."

சொல்லி முடித்தபோது அவருக்கு இலேசாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை. வேறு யாருடைய மருத்துவச் சீட்டையோ படித்துக் காட்டியது போல இருந்தது. பஷீர் தம்பிதுரையிடம், எல்லோருக்கும் தேநீர் சொல்லு என்றார். அவரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிற வழி அவருக்கு அதுதான். பொங்கியண்ணன்தான் முதலில் பேசினார். எதனால் இப்படி ஆயிற்று என்று விசாரித்தார். ஷாநவாஸ் தட்டுகளைப் பற்றிச் சொன்னார். பொங்கியண்ணன் ஒரு டாக்டரைப் போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மோட்டாரை இரண்டு நாளில் திரும்பக் கட்டிக் கொடுப்பதாகவும் அதுவரைக்கும் பட்டறையிலிருந்த பழைய மோட்டார் ஒன்றைத் தோப்புக்குக் கொண்டு போவதாகவும் பேச்சு முடிந்தது.

ஷாநவாஸ் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் பஷீர் போன் செய்து நிலோஃபரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உதவிக்காரப் பெண் போய்விட்டாள். ஷைமா டியூஷனுக்குப் போயிருந்தாள். நிலோஃபர் மிஷின் முன்னால் உட்கார்ந்து, தைத்து முடித்த ஒரு பிளவுஸின் பிசிறு நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஷாநவாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும், தனக்கு எதிரே இருந்த ஸ்டூலைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார்.

"எத்தன வருசமாங்க?"

"எட்டு வருசம் இருக்கும். மொதல்ல கொஞ்சமாத்தான் இருந்துது."

நிலோஃபர் கத்தரியை வைத்தார். வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"ரெண்டாவது கொழந்த தங்காமப் போச்சுங்களே. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, யாருக்கும் சொல்றதுக்கு முன்னால உங்களுக்குத்தானுங்க போன் பண்ணுனேன். நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

ஷாநவாஸ் யோசித்தார். ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு மத்தியானம். பயிற்சிக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே டிரம் ஓடிக்கொண்டிருந்தது. போனை எந்தக் காதில் வைத்திருந்தார் என்று நினைவில்லை. வழக்கமாக வைப்பது இடது காதில். ஆஸ்பத்திரி என்ற சொல் கேட்டது. நான்காம் மாதச் சோதனைக்குப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

"சரி சரி, ஒடம்பப் பாத்துக்க, அப்பறம் கூப்படறேன்னீங்க. வெச்சுப்போட்டீங்க."

"கேக்கல அம்மணி."

"இப்பத் தெரியுதுங்க."

ஷாநவாசுக்குக் குழந்தை போன செய்தி பத்து நாள் கழித்துப் பஷீர் மூலமாகத்தான் கிடைத்தது. நிலோஃபர் தன்னிடம் நேரில் சொல்ல விரும்பவில்லை போல என்று எண்ணிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து விடுமுறையில் வந்தபோது அவரும் கேட்கவில்லை, நிலோஃபரும் சொல்லவில்லை. இத்தனை பெரிய விஷயத்துக்கு 'சரி சரி' என்ற மனிதனோடு நிலோஃபர் ஏழு வருடம் போனில் பேசினார், விடுமுறைக்கு வந்தால் சோறு போட்டார், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது கூடத்தைக் கூட்டி வைத்தார். அதையெல்லாம் நிலோஃபர் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுதான்: "இத்தன வருசமும் நான் அந்த 'சரி சரி'யவேதானுங்க நெனச்சுட்டிருந்தேன்."

ஷாநவாஸ் தன்னுள் எதையோ தேடினார். நெஞ்சு கனக்கும், கண் கலங்கும் என்று காத்திருந்தார். அந்தக் கண்ணாடி அறையில் சத்தத்துக்குக் காத்திருந்தது போலவே இருந்தது. நிலோஃபர் மறுபடியும் கத்தரியை எடுத்தார். மீதியிருந்த நூல்களைக் கத்தரித்து, பிளவுஸை மடித்து வைத்துவிட்டு, இரவுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டார். இப்போது கொஞ்சம் உரக்கக் கேட்டார். அன்றிலிருந்து அவர் எதையும் ஒரே தடவையில் விட்டுவிடவில்லை. ஷாநவாசுக்குக் கேட்கும் வரைக்கும் கேட்டார்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைக்கு நிலோஃபர்தான் கூட்டிப் போனார். பல தடவை அலைந்த பிறகு, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தது. முதல் நாள் அவருக்குக் கேட்டவை: மின்விசிறி, தையல் மிஷினின் கால் பலகை, எதிர்வீட்டுக் குக்கர், தான் முறுக்கு மெல்லுகிற சத்தம். ஷைமா அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, மெதுவாக "அத்தா" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்தாள். அவள் குரல் அவர் நினைத்து வைத்திருந்ததைவிட மெலிதாக இருந்தது. போனில் கேட்டுக் கேட்டு வேறு ஏதோ குரலை அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தார் போல.

தொலைக்காட்சியில் ஓர் அணிவகுப்பு வந்தபோது கருவியோடு கேட்டுப் பார்த்தார். பேண்டு தகர டப்பாவைக் கொட்டிக் கவிழ்த்தது போல இருந்தது. நிறுத்திவிட்டார்.

துடியலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டர் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் வழியாகக் கூப்பிட்டார்கள். போனார். தாளாளர் பொன் சரிகை வைத்த கோட்டு ஒன்றைக் காட்டினார். பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார். முப்பது பிள்ளைகள் வாசித்தார்கள். அவர்களில் யார் தப்பாக வாசிக்கிறார்கள் என்று ஷாநவாசால் சொல்ல முடியவில்லை. தப்பாக இருந்தது என்பது மட்டும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில் தெரிந்தது. அந்த வேலைக்குக் காது வேண்டும் என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினார்.

பட்டறைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. தம்பிதுரைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது முதலில் சங்கடமாக இருந்தது. ஒருநாள், உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னார். தம்பிதுரை, அதெல்லாம் போச்சுங்க, அந்தக் கம்பிச் சுருளைக் கொஞ்சம் பிடிங்க, என்றார். ஷாநவாஸ் பிடித்தார்.

அடுத்த முறை பொங்கியண்ணன் மில் மோட்டார் ஒன்றைக் கொண்டு வந்தபோது, ஷாநவாசின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மில்லில் இப்போது வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பீகார், ஒடிசா ஆட்கள். ஷிப்டு மாற்றுவதற்கும் விடுதியில் சச்சரவு வந்தால் பேசுவதற்கும் இந்தி தெரிந்த, நாலு பேரைக் கட்டி மேய்த்த ஆள் ஒருவர் வேண்டும் என்றார். ஷாநவாஸ் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"நம்ம மில்லுல எவனுக்குங்க காது கேக்குது?" என்றார் பொங்கியண்ணன். "எனக்கே கேக்கறதில்லீங்க. மிசினு ஓடறப்ப எல்லாமே கைச்சாடதான். நீங்க வாங்க."

நிலோஃபரிடம் கேட்டார். உடுமலைப்பேட்டை தினமும் போய் வருகிற தூரமில்லை, அங்கேயே தங்க வேண்டியிருக்கும் என்பதை இருவருமே யோசித்தார்கள். "உங்களுக்கு எப்பிடித் தோணுதுங்க?" என்று நிலோஃபர் கேட்டார். தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அவர் உண்மையைச் சொன்னார். சரி, போய்ப் பாருங்க, என்றார் நிலோஃபர்.

மில் வளாகத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். ஷாநவாஸ் காலை ஷிப்டு ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார், விடுப்புக் கேட்டவர்களிடம் இந்தியில் பேசினார், கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்பின்னிங் கூடத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் கையால்தான் பேசினார்கள். நூல் அறுந்தால் இரண்டு விரலை ஒட்டிப் பிரிப்பது. மேஸ்திரி கூப்பிடுகிறார் என்றால் தோளில் தட்டிக்கொள்வது. ஒரு மாதத்தில் அவருக்கு எல்லாம் பிடிபட்டது. கூடத்துக்குள் போகும்போது கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவருடைய வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. வேலை பிடித்திருக்கிறதா என்று பஷீர் போனில் கேட்டபோது, ஓடுதுங்கண்ணா என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். திங்கள்கிழமை விடியலில் கிளம்புவார். வரும்போது நிலோஃபர் குழம்பு வைத்துக் காத்திருப்பார், அவர் விட்டுப்போன லுங்கி துவைத்து மடித்து அதே இடத்தில் இருக்கும். முன்பு வருடத்துக்கு இரண்டு முறை வந்தார், இப்போது வாரத்துக்கு ஒரு முறை வருகிறார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவருக்கு ஒருமுறை பஸ்ஸில் தோன்றியது. பொள்ளாச்சி வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஷைமா பி.காம். சேர்ந்தாள். ஷாநவாஸ் ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆயிற்று. அந்த நீட்டிப்பு கிடைத்திருந்தால் அவர் எந்த நாளில் ஓய்வு பெற்றிருப்பாரோ அந்த நாளும் வந்தது. அன்று மில்லில் ஒரு பாய்லர் வால்வு கெட்டு, எல்லோரும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. இப்போது எப்படி இருந்தாலும் ஓய்வு பெற்றவர்தான், நீட்டிப்பு கிடைத்திருந்தாலும் இதற்கு மேல் பட்டாளம் இல்லை. மீதிக் கன்னத்தையும் மழித்துவிட்டு வரிசையை எண்ணப் போனார்.

அதே மாதத்தில் நிலோஃபர் கூடத்தில் பிளைவுட் தடுப்பு ஒன்று போட்டார். தையலுக்கு வருகிறவர்கள் முன்பக்கத்தோடு போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியே போய் அலைய வேண்டியதில்லை. தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு மேஜை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாநவாஸ் அங்கே படுத்திருந்தார். கருவி காதில் இருந்தது. முன்பக்கத்தில் ஒரு பெண் அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"ஊட்டுக்காரர் மிலிட்டரிங்களாக்கா?"

"மிலிட்டரில இருந்தாருங்க. பேண்டு வாசிச்சாரு."

"இப்ப வாசிக்கிறாருங்களா?"

"இல்லீங்க. இப்ப மில்லுல இருக்காரு. கைய நேரா நீட்டுங்க."

அந்தப் பெண் கையை நீட்டியிருக்க வேண்டும். நிலோஃபர் ஏதோ ஓர் அளவைச் சொல்லிக்கொண்டே எழுதினார். மிஷின் ஓடத் தொடங்கியது. ஷாநவாஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பசித்தது. எழுந்து, பின்பக்கமாக அடுக்களைக்குப் போய், மூடி வைத்திருந்த சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.